அருமைக்காரரின் தண்ணீர் விரதம்

பச்சைத் தண்ணீர்கூட நாக்கில் படாமல் இரண்டு நாள் கல்யாணத்தை நடத்தி வைக்கிறவர் என்று அப்புசாமிக்குப் பெயர். அந்தப் பெயரை அவர் தேடிப் போகவில்லை. தானாக வந்ததை வேண்டாமென்று சொல்லவும் இல்லை. அவர் பட்ட பாடெல்லாம் அப்படிச் சொல்லாமல் விட்டதால் வந்ததுதான்.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்து வெள்ளாமைக் குடும்பங்களில் ஒரு கல்யாணம் என்றால், முகூர்த்தக்கால் நடுவதிலிருந்து கடைசிச் சீர் வரைக்கும் முன்னால் நின்று நடத்துகிறவர் அருமைக்காரர். பெண்டாட்டி பிள்ளைகளோடு நன்றாக வாழ்கிற பெரியவராகப் பார்த்து, அதற்கென்று தனியாக ஒரு சீர் செய்து, அந்த இடத்தில் வைப்பார்கள். அவர் அருகம்புல்லும் அரிசியும் எடுத்துத் தலையில் தூவி வாழ்த்தினால்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் புருஷன் பெண்டாட்டி. மந்திரியே வந்தாலும் அந்த நேரத்தில் பின்வரிசைதான். அப்புசாமி இப்படி எத்தனையோ ஜோடிகளைச் சேர்த்து வைத்தவர். நெடுநெடுவென்ற உடம்பு, வெள்ளை மீசை, எந்நேரமும் சலவை வேட்டி. அந்த வேட்டியில் யாரும் ஒரு கறை பார்த்ததில்லை, அவர் மனைவி சௌந்திரத்தைத் தவிர.

அறுபதைத் தாண்டிய பிறகு அவருக்கு நீர் பிரிவதில் தொல்லை வந்தது. போய் நின்றால் வராது. வருகிற நேரத்தில் நிற்காது. முதலில் வெயில் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். பிறகு நீர்முள்ளிக் கஷாயம். ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணம். அருமைக்காரர் மணையில் உட்கார்ந்துவிட்டால் சீர் முடியும்வரை எழக்கூடாது. அன்றைக்குப் பார்த்து சீர் நீண்டுகொண்டே போனது. ஊர் வழக்கப்படி நாவிதர் வாழ்த்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது அப்புசாமிக்கு அடிவயிற்றின் கட்டு விட்டுப்போனது. வேட்டி நனைவது தெரிந்ததும் அவர் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கை பட்டுச் சாய்ந்த மாதிரி மடியில் கவிழ்த்துக்கொண்டார். "ஐயோ, செம்பு சாஞ்சுபோச்சு" என்று நாலு பேர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்கள் துடைக்கத் துடைக்க இவர் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து வேட்டியைச் சுருட்டி மூலையில் போட்டதும் சௌந்திரம் எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சோப்புப் போட்டுத் துவைத்தாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்காத கேள்விகளில் அதுவும் ஒன்று.

அடுத்த கல்யாணத்திலிருந்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளே போனால்தானே வெளியே வரும்? முதல் நாள் காலையிலிருந்தே தண்ணீர், காப்பி, மோர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அந்தக் கல்யாண வீட்டில் ஒரு அம்மாள் நீர்மோரை நீட்டினாள். இவர் வேண்டாமென்று கையை அசைத்தார். "ஏனுங்க, விரதமுங்களா?" என்று அவள் கேட்டாள். அப்புசாமி தலையை ஆட்டினார். ஆம் என்றும் சொல்லாத, இல்லை என்றும் சொல்லாத ஓர் ஆட்டல். அந்த அம்மாள் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சொன்னாள். பந்தி முடிவதற்குள் பந்தல் முழுக்கப் பரவிவிட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கவேண்டுமென்று அருமைக்காரர் பச்சைத் தண்ணீர் தொடாமல் கிடக்கிறாராம். பெண்ணைப் பெற்றவர் அவர் காலில் விழுந்து எழுந்தார்.

வெட்கப்படவேண்டிய ஒன்றுக்குக் கும்பிடு கிடைத்தால் எந்த மனிதன் வேண்டாமென்பான்? அப்புசாமி வாங்கிக்கொண்டார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மழை பொய்த்துப் போயிருந்தது. கிணறுகளில் ஆயில் எஞ்சின் காற்றைத்தான் இறைத்தது. சித்திரை வெயிலில் காட்டு வேலைக்குப் போன வயசானவர்கள் அங்கங்கே மயங்கி விழ, சுகாதார நிலையத்திலிருந்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். இந்த ஊரில் பால் சொசைட்டிக் கட்டடத்தில் வைத்தார்கள். பேச வந்தவள் ஜெபமலர் என்ற நர்ஸ். சேலத்துப் பொண்ணு, கழுத்தில் சிலுவைச் செயின். பெரியவர்களுக்கு மட்டுமான கூட்டம் என்பதால் கிழடு கட்டைகளெல்லாம் வந்திருந்தன. ஊருக்குப் பெரிய மனுஷர் என்று அப்புசாமியை நாற்காலி போட்டு முன்னால் உட்காரவைத்தார்கள். ஜெபமலர் ஒரு பெரிய குண்டா நிறைய உப்புப் போட்ட நீர்மோர் கரைத்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தாள்.

"வயசு ஏற ஏற தாகமே தெரியாதுங்க. நாக்கு கேக்கலேன்னாலும் ஒடம்புக்குத் தண்ணி வேணும். தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க, நேரத்துக்கு நேரம் குடிங்க" என்றாள். கிழவர்கள் தலையாட்டினார்கள். பிறகு அவள் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு சொன்னாள். "சில பேரு, தண்ணி குடிச்சா அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும்னு குடிக்காமயே இருந்துடறீங்க. ஆம்பளைங்களுக்கு வயசானா நீர்ப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி வீங்கும். அது சீக்குதான், வெக்கப்படற விஷயமில்லீங்க. சேலத்துல பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் இருக்கு. யாருக்காச்சும் இருந்தா என்கிட்டத் தனியா வந்து சொல்லுங்க."

ஒருவர் மேல்கூரையைப் பார்த்தார். ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்காவது அந்தத் தொல்லை இருந்திருக்கும். யாராவது ஒருத்தர் லேசாகத் தொண்டையைச் செருமியிருந்தால்கூட மற்றவர்கள் பின்னால் வந்திருப்பார்கள். அப்புசாமிக்குக் காது மடலெல்லாம் சுட்டது. அந்தப் பொண்ணு தன்னைத்தான் சொல்கிறாள், யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து பின்னாலிருந்து கந்தவேல் எழுந்தார். ரிக் வண்டி வைத்துக் கிணற்றுக்குத் துளை போடுகிற ஆள், எங்கே போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் திரும்பமாட்டார். "ஏனுங் அம்மிணி, எங்க அருமைக்காரரு ரண்டு நாளு பச்சத்தண்ணி தொடாமக் கண்ணாலம் நடத்தறாரு. அவரு கல்லாட்டந்தான இருக்காரு? அவருக்கு இந்தச் சட்டம் செல்லாதுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இறுகிக் கிடந்த முகமெல்லாம் இளகிவிட்டது. ஜெபமலர் அப்புசாமியைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கய்யா. அப்படி இருக்கறது நல்லதில்லைன்னு நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க" என்றாள். கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள்.

அப்புசாமி எழுந்து துண்டைச் சரி செய்துகொண்டார். "எல்லாம் பழக்கந்தானுங்க அம்மிணி. மனசு கட்டுப்பட்டா ஒடம்பு தானாக் கட்டுப்படும்" என்றார்.

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவர் முதுகில் அடி விழுகிற மாதிரி விழுந்தது. ஆனாலும் அவர் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஜெபமலர் அதற்குப் பிறகு ஏதோ சொன்னாள், யாரும் கேட்கவில்லை. மோர் டம்ளரை முதலில் எடுக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. அருமைக்காரர் எடுக்காத மோரைத் தான் எடுத்தால் மனசு கட்டுப்படாத ஆள் என்று ஆகிவிடுமே! குண்டா வந்தபடியே நிறைந்து திரும்பிப் போனது.

அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் நாச்சிமுத்து. சௌந்திரத்தின் தம்பி. அறுபது வயசு, குச்சிக்கிழங்குக் காடும் இரண்டு எருமையும் வைத்துக்கொண்டு யார் வம்புக்கும் போகாத மனுஷன். சின்ன வயசிலிருந்தே அவருக்கு மச்சான் என்றால் சாமி. மச்சான் மீசை வைத்தபோது இவரும் வைத்தார், மச்சான் எடுத்தபோது எடுத்தார், மறுபடி வைத்தபோது வைத்தார். அந்தத் தை மாதம்தான் நாச்சிமுத்துவுக்கும் சீர் செய்து அருமைக்காரர் ஆக்கியிருந்தார்கள். வைகாசியில் எருமப்பட்டியில் அவருடைய முதல் கல்யாணம்.

கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்னால் நாச்சிமுத்து அக்காள் வீட்டுக்கு வந்தார். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏனுங் மச்சான், நானும் உங்களாட்டமே விரதமிருந்து நடத்தலாமுன்னு இருக்கறனுங்க. மொதல் கண்ணாலம் பாருங்க. ஆனா மத்தியானத்துக்கே நாக்கு ஒட்டிக்குது. ஒரு நாளு இருந்து பாத்தேன், தல கிறுகிறுங்குது. நீங்க எப்புடித் தாங்கறீங்க?"

சௌந்திரம் தம்பிக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள் செம்போடு நிலைப்படியில் நின்றுவிட்டாள். அவள் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புசாமிக்கு அந்தப் பார்வை தெரிந்தது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். அதெல்லாம் விரதமில்லை மாப்ளே, எனக்கு நீர்க்கோளாறு. கேட்கிறவன் வேறு யாருமில்லை, மச்சினன். மிஞ்சிப்போனால் சிரிப்பான். அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கிருந்து அதை வெளியே தள்ள அவருக்குத் தைரியம் இல்லை.

"மொதல்ல கொஞ்சம் செரமமாத்தான் இருக்கும். ரண்டு ஏலக்கா எடுத்து வாயில ஒதுக்கிக்க, நாக்கு காயாது" என்றார். சொன்னதோடு நிற்காமல், "இந்தா, அஞ்சாறு ஏலக்கா எடுத்துட்டு வா" என்று சௌந்திரத்திடமே கேட்டார். அவள் அசையவில்லை. அவரே உள்ளே போய் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஏலக்காயைக் காகிதத்தில் மடித்து மச்சினன் கையில் கொடுத்தார். நாச்சிமுத்து அதைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

அவர் போன பிறகு சௌந்திரம் செம்பைக் கட்டிலில் டங்கென்று வைத்தாள். "ஏனுங்க, நீங்க ஒளிக்கறதை ஒளிச்சுக்குங்க. நானும் இத்தனை நாளு வாயைத் தொறக்கல. என்ற தம்பி எதுக்குங்க காஞ்சு கெடக்கோணும்?"

"நாளைக்குப் போயிச் சொல்லீறேன்" என்றார்.

போகாமலும் இல்லை. மறுநாள் போனார். அங்கே சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்து அவர்களிடம், "எல்லாம் மச்சான் சொல்லிக் குடுத்ததுங்க" என்று பெருமையாகச் சொன்னார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஒரு காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, சொல்லிவிட்டேன் என்று சௌந்திரத்திடம் பொய் சொன்னார். அவள் நம்பினாளோ என்னவோ. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பையில் எப்போதும் வைக்கிற மாற்று வேட்டியோடு எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எருமப்பட்டிக் கல்யாணத்தில் பந்தலுக்குத் தகரம் வேய்ந்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் தோசைக்கல் மேல் உட்கார்ந்த மாதிரிதான். நாச்சிமுத்து மணையில் இருந்தார். அப்புசாமி விருந்தாளியாக எதிரில் இருந்தார். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. முகூர்த்தத்தன்று வெயில் ஏறியபோது மச்சினன் முகம் மாறிக்கொண்டு வருவதை அப்புசாமி பார்த்தார். உதடு வெள்ளையாகக் காய்ந்து வெடித்திருந்தது. வேர்க்கவே இல்லை. அருகம்புல்லை எடுக்கப் போன கை ஒருமுறை தட்டுக்குப் பக்கத்தில் தரையைத் தடவியது. வாயின் ஓரத்தில் ஏலக்காய் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து சௌந்திரம் ஒரு டம்ளரில் எலுமிச்சைச் சாற்றோடு எழுந்து வந்தாள். கந்தவேல் கையை நீட்டி மறித்தார். "என்னுங்க அக்கா, தம்பி விரதத்தைக் கெடுத்துப்போடாதீங்க. மொதல் கண்ணாலம்." சுற்றியிருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவள் அப்புசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடிக்கட்டும் விடு, நான் சொல்றேன் என்றால் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். அவர் சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. அந்த மதிப்பு போய்விடுமே என்றுதான் அவர் வாயைத் திறக்கவில்லை. "ஆச்சு, முடியற நேரந்தான்" என்று முணுமுணுத்தார். அவள் டம்ளரோடு நின்றாள்.

தாலி கட்டி முடிந்ததும் வாழ்த்துவதற்காக நாச்சிமுத்து வலது கையைத் தூக்கினார். கை தலைவரைக்கும் போகவில்லை. பாதியில் தொங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, அரிசித் தட்டின் மேல் விழுந்தார்.

மாப்பிள்ளை வீட்டு அம்பாசிடரில் போட்டு நாமக்கல்லுக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்துவிட்டது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு குழறியது. அங்கிருந்த டாக்டர் வயசில் சின்னவர், கோபக்காரர். நாச்சிமுத்துவின் மனைவி செல்லியம்மாளை வெளியே கூப்பிட்டுக் கேட்டார். "ரத்தம் கெட்டிப்பட்டுப் போயிருக்கு. இந்த வெயில்ல இந்த வயசில ரெண்டு நாள் தண்ணி குடிக்காம இருந்தாராமே, ஏன்?"

"விரதமுங்க" என்றாள் அவள்.

"எந்தச் சாமிக்கு?"

செல்லியம்மாள் யோசித்தாள். அவளுக்குத் தெரியவில்லை. நாச்சிமுத்துவுக்கும் தெரிந்திருக்காது. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒருவருமே கேட்டதில்லை என்பதுதான் வேடிக்கை. "எங்கண்ணனைத்தான் கேக்கோணுமுங்க" என்று அவள் அப்புசாமியைக் கை காட்டினாள்.

டாக்டர் திரும்பினார். சௌந்திரமும் திரும்பினாள். அப்புசாமி துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். "கொலசாமிக்குங்க" என்றார்.

மூத்திரத்துக்குப் பயந்து செய்ததைச் சாமி பேரில் எழுதிவிட்டார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். ஊருக்குத் திரும்பும்போது பஸ் அவர்கள் குலதெய்வக் கோயிலைத் தாண்டியது. மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புசாமி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி இருந்துவிட்டார்.

இத்தோடு அந்த விரதப் பைத்தியம் ஓய்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. நாச்சிமுத்து விரதத்தில் ஏதோ தீட்டுப் பட்டுவிட்டது, அதனால்தான் சாமி கையை எடுத்துக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள். முறையாக இருந்தால் அப்புசாமி மாதிரி இருக்கலாமாம். அக்கம்பக்கத்து ஊர்களில் இன்னும் இரண்டு அருமைக்காரர்கள் தாங்களும் முறையாக இருந்து காட்டுவதாகக் கிளம்பினார்கள். அதில் ஒருவருக்கு எழுபத்தெட்டு வயசு. இதைக் கேட்டபோதுதான் அப்புசாமிக்குத் தூக்கம் சுத்தமாகப் போனது. தான் ஒரு வேட்டியைக் காப்பாற்றப் போய் ஊர்க் கிழவர்களையெல்லாம் வரிசையாகக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

ஒருநாள் மத்தியானம் மச்சினன் வீட்டுக்குப் போனார். செல்லியம்மாள் காட்டுக்குப் போயிருந்தாள். நாச்சிமுத்து கட்டிலில் சாய்ந்திருந்தார். அப்புசாமி பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய வராத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். ஆட்டையாம்பட்டிச் செம்பிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது அழுதார்.

நாச்சிமுத்து பொறுமையாகக் கேட்டார். பிறகு வாயைக் கோணிக்கொண்டு சிரித்தார். சொற்கள் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தன.

"என்னைத் தேத்தறதுக்காவ... இப்புடியெல்லாம்... உங்களையே கேவலப்படுத்திச் சொல்லோணுமுங்களா மச்சான்? எனக்குத் தெரியுமுங்க. தப்பு எம்பேர்லதான். எருமப்பட்டிக்குப் போற வழியில... ஒரு முழுங்கு எளநி குடிச்சுட்டனுங்க. அதுதான்."

அப்புசாமி எவ்வளவோ சத்தியம் பண்ணினார். நாச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மச்சானுடைய பெருந்தன்மையை நினைத்து அவர் கண்ணும் கலங்கியது. "தையில எங்க சின்னப் பையனுக்குக் கண்ணாலம். நீங்கதான் நடத்தோணும். விரதத்தைக் கொஞ்சம் கூடவே இருங்க மச்சான். நான் கெடுத்ததுக்கும் சேத்து."

குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவர் இன்னும் பெரிய கும்பிடோடு திரும்பி வந்தார். வீட்டுக்கு வந்து சௌந்திரத்திடம் சொன்னார். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்தவில்லை. "வாயில சொன்னா எப்புடி நம்புவான்? கண்ணுல பாத்ததையில்ல நம்பீட்டு இருக்கறான்" என்றாள். மறுநாள் அவளே அவரை ஜெபமலரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஜெபமலர் பழைய கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆபரேஷனுக்குச் சேலத்தில் தை கடைசியில்தான் இடம் கிடைத்தது. அதாவது மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு.

தை மாதம் கல்யாணம். பந்தலில் கூட்டம் நெரிந்தது. முன்வரிசையில் கைவைத்த நாற்காலியில் நாச்சிமுத்துவை உட்காரவைத்து, விழாமல் இருக்கத் தலையணை கொடுத்திருந்தார்கள். அருமைக்காரர்கள் என்று நாலைந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். எழுபத்தெட்டு வயசுக்காரரும் இருந்தார்.

அப்புசாமி மணையில் உட்கார்ந்தார். முதல் சீர் முடிந்ததும் சௌந்திரத்தைப் பார்த்து, "ஒரு செம்புத் தண்ணி கொண்டா" என்றார். கை கழுவ என்று நினைத்தார்கள். அவர் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். "இன்னொண்ணு" என்றார். அதையும் குடித்தார்.

"மச்சான், விரதம்!" என்று கந்தவேல் பதறிப்போய்க் கிட்டே வந்தார்.

"விரதமுமில்ல ஒரு மண்ணுமில்ல. உக்காரு" என்றார் அப்புசாமி.

சீர் நடந்தது. நாவிதர் பாட்டை எடுத்தார். அப்புசாமி காத்திருந்தார். வரும் என்று தெரியும், வந்தது. பாட்டு பாதியில் இருக்கும்போது அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எந்த அருமைக்காரரும் செய்யாத காரியம். மணையைவிட்டு எழுந்து நின்றார்.

"பெரியவங்க எல்லாம் கேளுங்க" என்றார். "எனக்கு ஒண்ணுக்கு வருது. நிறுத்த முடியாது. இது ரொம்ப வருசமா இருக்கற சீக்கு. மணையில உக்காந்து வேட்டி நனஞ்சுருமுன்னுதான் தண்ணி குடிக்காம இருந்தேன். எந்தச் சாமிக்கும் நான் விரதம் இருந்ததில்ல. என்னைப் பாத்து யாரும் காஞ்சு கெடக்காதீங்க. போயிட்டு வாரேன், பொறுங்க."

நன்றாகத் திட்டம் போட்டுத்தான் வந்திருந்தார். சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து பந்தலுக்குப் பின்னால் போய்விட்டு வருவது என்று. ஆனால் கூட்டம் வழி விடத் தெரியாமல் திகைத்து நின்றது. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்திருக்க நேரமாயிற்று. நாலடி போவதற்குள் அவருக்கு நின்ற இடத்திலேயே ஆகிவிட்டது. சலவை வேட்டியில் நனைவு முழங்கால்வரை இறங்கிப் பாதத்தடியில் தேங்கியது. தை மாதத்துக் காலை வெளிச்சத்தில் அத்தனை பேரும் பார்த்தார்கள். சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் பார்த்தார்கள். அவர் தாலி எடுத்துக் கொடுத்துக் குடித்தனம் வைத்த புருஷன் பெண்டாட்டிகள் பார்த்தார்கள். ஒரு சின்னப்பிள்ளை சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். இத்தனை வருஷமாக எந்த நிமிஷத்துக்குப் பயந்து ஓடினாரோ அந்த நிமிஷத்தின் நடுவில் அப்புசாமி நின்றார். பூமி பிளக்கவில்லை. பிளந்தால் தேவலை என்று இருந்தது.

சௌந்திரம் வந்தாள். பையிலிருந்து மாற்று வேட்டியை எடுத்து, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அவர் தோளில் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் திரும்பி வந்தபோது தரையைக் கழுவியிருந்தார்கள். வேண்டாமென்று சொல்வார்கள், வேறு ஆளை மணையில் உட்காரவைப்பார்கள் என்று எதிர்பார்த்தார். மணை அவருக்காகக் காலியாகவே கிடந்தது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உட்கார்ந்து, மிச்சச் சீரை முடித்து, அரிசி தூவி வாழ்த்தினார். எழுபத்தெட்டு வயசுக்காரர் பக்கத்து ஆளிடம் ரகசியமாகத் தண்ணீர் கேட்பது காதில் விழுந்தது. அது காதில் விழுந்தும் அவருக்கு நிம்மதி வரவில்லை. அவருக்கு நாச்சிமுத்துவின் முகம்தான் வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் பார்க்கத்தான் முடியவில்லை.

பந்தி நடக்கும்போது செல்லியம்மாள் வந்து, "அண்ணா, அவரு கூப்பிடறாருங்க" என்றாள்.

நாச்சிமுத்து அதே நாற்காலியில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. எதையோ மறுபடியும் மறுபடியும் கூட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். அப்புசாமி எதிரில் நின்றார். கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கினார். நாச்சிமுத்து இடது கையால் அதைத் தடுத்தார்.

"நெசந்தானுங்களா" என்றார்.

"நெசந்தான் மாப்ளே."

நாச்சிமுத்து தன் மடியில் கிடந்த வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வார்த்தைகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு வாசல்ல... ஏலக்காயை மடிச்சுக் குடுத்தீங்கல்ல மச்சான்? அப்பவே சொல்லியிருந்தா... நான் சிரிச்சிருப்பேன். அவ்வளவுதானுங்க. ஒரு சிரிப்புச் சிரிச்சுட்டு... ஊட்டுக்குப் போயிருப்பேன்."